வண்டியில் சின்ன டிரபுள்

நாமக்கல் லாரி ஆபீசில் என் மேசைமேல் பச்சை நிறத்தில் ஒரு டெலிபோன் இருந்தது. வடக்கே ஓடும் டிரைவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுவது என் வேலை. கிளட்ச் டிரபுள், பிரேக் டிரபுள், செக்போஸ்டில் டிரபுள் என்று நாளெல்லாம் அந்த ஒரு சொல்தான். ஆனால் தன் உடம்பில் டிரபுள் என்று ஒருவரும் சொன்னதில்லை. முடியவில்லை என்று வாயைத் திறந்தால் அடுத்த லோடுக்கு முதலாளி வேறு ஆளை ஏற்றிவிடுவார். இது எனக்கும் தெரியும்.

தெரிந்தும் கோட்டை விட்டேன். நான் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த டிரைவர் ஒருவர், நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு டெலிபோன் பூத்திலிருந்து ஒரு மத்தியானம் பேசினார்.

"அம்மிணி, வண்டியில சின்ன டிரபுளு. ஓரங்கட்டிப் போட்டிருக்கறன்."

"என்ன டிரபுளுங்ண்ணா?"

"தெரியல. ஆரையாச்சும் அனுப்பு சாமி."

இருபது வருசமாக வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன கோளாறு என்று தெரியாதா? அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அங்கே பட்டறை வைத்திருந்த நம்மூர் மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று சோறு உண்ணப் போனேன். சாயந்திரம் மெக்கானிக் கூப்பிட்டார். "வண்டி ஒரே சாவிக்கு ஸ்டார்ட் ஆவுதுங்க. அண்ணந்தான் எந்திரிக்க மாட்டேங்கறாருங்க." கேபினில் நெஞ்சைப் பிடித்தபடி படுத்திருந்தாராம், உயிர் இல்லை. நான் அனுப்பியிருக்க வேண்டியது டாக்டரை. அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னை விடவில்லை.

இப்போது எருமப்பட்டி வீட்டில் நான் மட்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருசம் ஆகிறது. மகன் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிறானால் போன் செய்து, "ஏதாச்சும் பிராப்ளமாம்மா?" என்பான். ஒன்றுமில்லை என்பேன். போன வாரம் என்னவோ, "மோட்டார்ல டிரபுள் சாமி, வந்து பாத்துட்டுப் போயேன்" என்று வாயில் வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் எலக்ட்ரீசியன் வாசலில் நின்றார். மகன் அங்கிருந்தபடியே சொல்லி அனுப்பியிருக்கிறான். அவர் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி வழிந்தது.

"மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது. வேற ஏதாச்சும் டிரபுளுங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. அவரை அனுப்பிவிட்டு மகனைக் கூப்பிட்டேன்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்ல சாமி. எனக்குத்தான் ஒத்தையில இருக்க முடியல."