பாயம்மா ஊற்றிய தண்ணீர்

என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு முஸ்லிம் பெண். இதைச் சொன்னால் எங்கள் கோயில்காரர்களில் சிலர் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அதற்காக நடந்தது நடக்காமல் போய்விடாது.

யுத்த காலம். மயிலாப்பூரில் கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு டிராம் கம்பெனியில் வேலை. வீட்டில் அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தைக்குப் புருஷன் இல்லை, வாய் இருந்தது. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் இருந்தவள்தான் பாயம்மா. அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. சந்து முழுக்க அவளைப் பாயம்மா என்றுதான் கூப்பிட்டது. புருஷன் புத்தகங்களுக்குத் தையல் போட்டு அட்டை ஒட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், ஐந்து வேளைத் தொழுகையை விடமாட்டார். பாயம்மா மருத்துவச்சி. எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும் எங்கள் சந்துப் பிள்ளைகள் முதலில் விழுந்தது அவள் கையில்தான். நானும் அப்படி விழுந்தவள்தான்.

எங்கள் வேதத்தில் ஒரு சட்டம் உண்டு. ஞானஸ்நானம் இல்லாமல் மோட்சம் கிடையாது. பிறந்த குழந்தையும் ஜென்மப் பாவத்தோடுதான் பிறக்கிறது. தலையில் தண்ணீர் ஊற்றி அதற்குரிய வார்த்தைகளைச் சொன்னால்தான் அந்தப் பாவம் போகும். அதற்கு முன்னால் செத்துப்போனால் குழந்தை சர்வேசுரனைப் பார்க்காது, கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணிலும் இடம் கிடைக்காது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பின் பிறந்த ஒரு பெண் குழந்தை அப்படிப் போய்விட்டது. தோட்டச் சுவருக்கு வெளியே, முள்செடிகளுக்கு நடுவில் அப்பாவே குழி தோண்டினார். ஒரு நாள்கூட வாழாத குழந்தை என்ன பாவம் செய்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கியதிலிருந்து, இதாவது தண்ணீர் படும்வரை உயிரோடு இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஜெபம்.

தம்பி ஒரு மத்தியானம் பிறந்தான். அப்பா டிராமில் இருந்தார். வலி கண்டு நேரமாகியும் பிள்ளை வராததால் அத்தைக்குச் சந்தேகம் தட்டி, சாமியார் இல்லாதபோது ஆபத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற உபதேசியாரைக் கூட்டிவரப் போனாள். எங்கள் கோயில் சாமியார் ஊரில் இல்லை, கொட்டிவாக்கத்து மீனவர்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். ஆகவே பிள்ளை வந்தபோது வீட்டில் பாயம்மாவும் நானும்தான்.

பிள்ளை நீலமாக வந்தான். சத்தமே இல்லை. பாயம்மா அவனைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். வாயில் விரலை விட்டுச் சளியை வழித்தாள். அசைவில்லை.

"அக்கா, தண்ணி ஊத்துங்க" என்றாள் அம்மா.

"இரு தங்கச்சி, மூச்சு வரட்டும்."

"வராட்டி? தலையில ஊத்துங்க அக்கா."

"அதெல்லாம் உங்க சாமியாரு வேலை. நான் இன்னாத்தைக் கண்டேன்?"

"ஆபத்துக்கு யார் ஊத்தினாலும் செல்லும். எந்த மதமா இருந்தாலும் செல்லும். நான் பெத்தவ, நான் ஊத்தக்கூடாது."

அம்மா சொன்னது சரிதான். பெற்றவர்கள் ஊற்றக்கூடாது. வேறு ஆளே இல்லாவிட்டால் அவர்களும் ஊற்றலாம் என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் பாயம்மா பக்கத்தில் இருக்கும்போது வேறு ஆள் இல்லை என்று அம்மா எப்படிச் சொல்வாள்? நானும் ஊற்றியிருக்கலாம். முதல் நற்கருணையான புது நன்மைகூட வாங்காத சின்னப் பெண் அதைச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மண்பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொண்டுவந்து நீட்டினேன், அவ்வளவுதான்.

அம்மா வார்த்தைகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பாதியில் குரல் நின்றது, கண் செருகியது. பாயம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏ பொண்ணு, உனக்குத் தெரியுமா அது?"

தெரியாமல் என்ன? ஞானோபதேச வகுப்பில் பிரம்படியோடு படித்தது. "நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லிக்கினே ஊத்து. ஊத்தறவங்கதான் சொல்லணும்" என்றேன்.

"நான் உன்னை."

"நான் உன்னை."

"பிதாவுடையவும்."

"பிதாவுடையவும்."

"சுதனுடையவும்."

பாயம்மா நின்றுவிட்டாள். "சுதன்னா?"

"மகன்."

"யாரு மகன்?"

"சர்வேசுரனோட மகன். சீக்கிரம் சொல்லு பாயம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. அவளுடைய பாஷையில் எதையோ தனக்குள் சொல்லிக்கொள்வது தெரிந்தது. இந்த நேரத்தில் என்ன முணுமுணுப்பு என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"இன்னா நின்னுக்கினு கீறே! தம்பி செத்துடுவான்!" என்று கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு, முதலிலிருந்து, நான் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஊற்றினாள். பிறகு சொம்பை வீசிவிட்டு, பிள்ளையின் வாயில் தன் வாயை வைத்து ஊதினாள். இன்னொரு தரம் ஊதினாள். தம்பி ஒரு விக்கல் விக்கி, வீறிட்டு அழுதான். குளிர்ந்த தண்ணீரா, அவள் ஊதிய காற்றா, சர்வேசுரனா, எது அவனை அழவைத்தது என்று எனக்குத் தெரியாது.

"கத்தறான் பாரு, டிராம் மணியாட்டம்" என்றாள் பாயம்மா. சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அத்தை உபதேசியாரோடு வந்து சேர்ந்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்ததும் ஸ்தோத்திரம் சொன்னாள். நான் நடந்ததைச் சொன்னதும் ஸ்தோத்திரம் நின்றுவிட்டது.

"இன்னாது? சாயபு வூட்டுப் பொம்பள ஞானஸ்நானம் குடுத்தாளா? நம்ம பிள்ளைக்கா?"

பிள்ளையின் உயிரைப் பிடித்து நிறுத்தியவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அத்தைக்கு அது கண்ணில் படவில்லை.

உபதேசியார் சட்டம் தெரிந்தவர். தண்ணீர் ஊற்றியது யார், வார்த்தை சொன்னது யார் என்று கேட்டார். ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொல்லியிருந்தால் அது ஞானஸ்நானமே ஆகாது என்றார். நான் முந்திக்கொண்டு, "ரெண்டும் பாயம்மாதான்" என்றேன். "நீ வாய மூடு" என்றாள் அத்தை. உபதேசியார் பாயம்மாவைக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் அவளைத் தேடிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பாயம்மா அவரைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"புள்ள பொழச்சிக்கிச்சு. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னதைச் சொன்னேன் என்று சொல்ல அவளுக்கு என்ன கேடு? உபதேசியார், "ஆபத்து நீங்கிடுச்சு. இனிமே எனக்கு அதிகாரம் இல்லை, சாமியார் வந்து முடிவு பண்ணட்டும்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆபத்து நீங்கியதாம்! பிள்ளை மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் திராணியில்லாமல் கிடந்தான். மயக்கம் தெளிந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவன் போய்விட்டால் சுவருக்கு உள்ளேயா, வெளியேயா என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்ல ஆள் இல்லை. கஞ்சியைத் தொடவில்லை. பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடியே படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் சாமியார் காலில் மணலோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கோவாக்காரர், தமிழைச் சுற்றிவளைத்துப் பேசுவார். பாயம்மாவைக் கூப்பிடச் சொன்னார். நான்தான் போய்க் கூப்பிட்டேன். அவளோடு புருஷனும் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க என்ன நினைச்சு ஊத்தினீங்க அம்மா?" என்று கேட்டார் சாமியார்.

"இந்தத் தங்கச்சி எதைக் கேட்டுச்சோ அது ஆவட்டும்னு ஊத்தினேன். அது இன்னான்னு எனக்குத் தெரியாது சாமி."

"தெரிய வேண்டாம். அது போதும். வார்த்தை யார் சொன்னது?"

பாயம்மா வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே அவள் புருஷன் தொண்டையைக் கனைத்தார். சாமியார் வாசலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சொல்ல முடியாதுன்னா விடுங்க. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம். நான் வேறே வழி பார்க்கிறேன்."

அம்மா பாயில் கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். பாயம்மா அவளையே பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை, சந்துக்கே கேட்கும்படி சொன்னாள். "இந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு. என் வாயாலதான் சொன்னேன். முழுசா சொன்னேன்."

வெளியே செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று.

ஆண்டவனுக்கு மகன் உண்டு என்று வாயால் சொல்வது அவர்கள் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அப்போது தெரியாது. 'முழுசா' என்று அவள் அழுத்திச் சொன்னது எனக்குப் பெருமையாக மட்டுமே இருந்தது. பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான்தானே! அந்தப் பெருமையோடு சாமியாருக்குச் சோடா வாங்கிவர ஓடிவிட்டேன்.

நான் இல்லாதபோது நடந்த பேச்சை அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். பிள்ளை ஞானஸ்நானம் பெற்றாயிற்று என்று சாமியார் சொல்லியிருக்கிறார். "எதுக்கும் ஞாயித்துக்கிழமை கோயில்ல நீங்க ஒருவாட்டி ஊத்திடுங்க சாமி, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றாளாம் அத்தை. "ஒருத்தனுக்கு ஒரு ஞானஸ்நானம்தான். மறுபடி ஊத்தினா நான் பாவம் செய்றேன். இந்த அம்மாவைப் பொய்க்காரின்னும் சொல்றேன். மீதிச் சடங்கு மட்டும் கோயிலில் செய்வேன்" என்றாராம் சாமியார். பாயம்மா அதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் சோடாவோடு திரும்பியபோது அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தம்பி பால் குடித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஞானத்தாயாகப் பிள்ளையை ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனாள். யார் ஊற்றினால் என்ன, ஞானத்தாய் பதவியை அவள் விடுவாளா? அம்மா எழுந்து நடக்கக்கூடாது என்பதால் வீட்டில் இருந்தாள். சாமியார் லத்தீனில் ஜெபம் சொன்னார். தம்பியின் நாக்கில் உப்பு வைத்தார். அவன் முகத்தைக் கோணிக்கொண்டான், அப்பா சிரித்தார். நெஞ்சில் எண்ணெய் பூசினார். ஞானஸ்நானத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. இப்போது ஊற்றுவார், இப்போது ஊற்றுவார் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அவர் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உச்சியில் தைலம் தடவினார், வெள்ளைத் துணியைப் போர்த்தினார், மெழுகுவத்தியைக் கையில் கொடுத்தார், முடித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாமி! தண்ணி ஊத்தல!" என்று கோயிலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அத்தை என் காலை மிதித்தாள்.

"ஊத்தியாச்சு" என்றார் சாமியார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான் குருடியா? ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தத் தலையில் விழவில்லை. எங்கள் ஏழைப் பிள்ளை என்றதும் பெரிய சடங்கை விழுங்கிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தேன்.

கோயில் வாசலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் பாயம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். அவள் புருஷனும் வந்திருந்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி நின்றார். ஆனால் வந்திருந்தார்.

"இன்னா பொண்ணு, ஆச்சா?"

"இன்னா ஆச்சு? உப்பு வச்சாங்க, எண்ணெ பூசினாங்க, மெழுகுவத்தி குடுத்தாங்க. தண்ணி மட்டும் ஊத்தல. ஏமாத்திட்டாங்க."

"ஊத்தலியா?"

"ஒரு சொட்டுகூட ஊத்தல பாயம்மா."

"நெசமாவா? நல்லாப் பாத்தியா?"

"பக்கத்துலயே நின்னுக்கினு பாத்தேன்."

அவள் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எனக்குப் பாவமாகிவிட்டது. தம்பிக்காக இவ்வளவு வருத்தப்பட எங்கள் வீட்டிலேயே யாரும் இல்லையே! அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாத பாயம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா ஊத்தச் சொல்றேன்" என்று தேற்றினேன்.