அத்தை ஊதிய தாமரை

எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊதி அணைப்பது கிடையாது. ‘அணைப்பது’ என்று சொல்லவே கூடாது, ‘குளிர வைப்பது’ என்றுதான் சொல்ல வேண்டும். திரியைப் பூவால் பைய அழுத்தி எண்ணெய்க்குள் இழுத்துவிடுவார்கள். அப்பா இதில் ரொம்பக் கறார். பிறந்தநாள் கேக்கில் குத்திய மெழுகுதிரிகளைக்கூட ஊத விடமாட்டார். அவை தாமாக எரிந்து தீரும்வரை கைகட்டிக் காத்திருந்து, மெழுகு சொட்டிய கேக்கைத்தான் நான் ஒன்பது வயதுவரை தின்றிருக்கிறேன். கேக்கின் ருசியே அதுதான் என்று நினைத்திருந்தேன், போங்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அத்தை மெழுகுதிரி செய்ய ஆரம்பித்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கோடை விடுமுறைக்கு ஒரு பெட்டியோடு சேரன்மகாதேவிக்கு வந்தவள், எனக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. பெரியவர்களுக்கு லீவு கூடுதல் போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். மாமா வராததுதான் எனக்கு வருத்தம். எப்போது வந்தாலும் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவார். அந்த மனிதரிடம் ஒரு குறையும் நான் கண்டதில்லை.

அத்தை டவுனில் ஒரு வகுப்புக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் மெழுகை உருக்குவாள். குழிக்கரண்டியின் முதுகை அதில் முக்கி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் ஓர் இதழ் கழன்று வரும். சூடு ஆறுவதற்குள் அதை விரலால் வளைத்து, நடுவில் நிற்கும் திரியைச் சுற்றி ஒட்ட வேண்டும். அப்படி இருபது இதழ் சேர்ந்தால் ஒரு தாமரை. திரி நறுக்குவது என் பொறுப்பு. உள்ளதைச் சொல்ல வேண்டும், என்னைப் போல ஒரே அளவாக நறுக்க அந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டை டீச்சர் ஒருவர், மகள் கல்யாண விருந்துக்கு நூறு தாமரை வேண்டும், மாதிரி பார்க்கப் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். அதே வாரம் வெள்ளிக்கிழமை, மாமா வீட்டிலிருந்து நாலு பேர் பேச வருவதாக அப்பாவும் சொன்னார்.

“அவங்க என்ன சொன்னாலும் தலைய ஆட்டிட்டுக் கெளம்பிரு. பொறவு எல்லாம் சரியாயிரும்” என்றார் அத்தையிடம்.

அத்தை அடுக்களைக்குள் வந்து அம்மாவிடம், “இந்த ஆர்டர் மட்டும் கெடச்சிட்டுன்னா போதும் மைனி” என்றாள். “கெடைக்கும்ளா” என்றாள் அம்மா. கல்யாண வீட்டு ஆர்டருக்கு இவ்வளவு பதைப்பா என்று எனக்குத் தோன்றியது. என் கவலையெல்லாம் வெள்ளிக்கிழமை வரப்போகும் மிட்டாயில்தான்.

புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் அரைநாள்தான். மத்தியானம் டீச்சர் வந்தார். அத்தை இரண்டு நாளாகச் செய்து செய்து பார்த்துப் பொறுக்கிய ஒற்றைத் தாமரை மேசைமேல் இருந்தது. வெளிர்சிவப்பு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எரிஞ்சா எப்படி இருக்குன்னு பாக்கணுமே.”

மின்விசிறியை நிறுத்திவிட்டு அத்தை ஏற்றினாள். அடடா! உள்ளிருந்து வெளிச்சம் பரவி ஒவ்வொரு இதழும் ரத்தம் ஓடுகிற மாதிரி சிவந்தது. டீச்சர் முகமும் மலர்ந்துவிட்டது.

“போதும்மா, அணைச்சிருவோம். இதக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்ல காட்டணும்” என்று சொல்லி, அவரே குனிந்து வாயைக் குவித்தார்.

“டீச்சர், வேண்டாம்!” என்று அப்பா பதறினார். “எங்க வீட்ல ஊதுத வழக்கம் இல்ல. ஒரு நிமிசம், பூ வந்துரும்.”

பாவம், டீச்சர் மரியாதைக்குப் பின்வாங்கிக்கொண்டார். அப்பா என்னை விரட்டினார். நான் கொல்லைக்கு ஓடி, இருந்ததிலேயே பெரிய செம்பருத்தியாகப் பறித்து வந்தேன். அகலுக்குப் பழகிய பூ மெழுகுதிரிக்கு என்ன செய்யும்? எண்ணெய் இருந்தால்தானே திரியை இழுக்க! அப்பா அழுத்த அழுத்தப் பூதான் கருகியது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்வரிசை இதழ் ஒன்றைத் தொட்டது. அது தலையைத் தொங்கப்போட்டது. பூ இல்லாவிட்டால் பால் விட்டும் குளிர வைக்கலாம் என்று அம்மா கரண்டியில் பாலோடு ஓடிவந்தாள்.

“பால் வேண்டாம் மைனி, தெறிச்சு எல்லாம் பாழாயிரும்!” என்றாள் அத்தை. இரண்டாவது இதழும் வளைய ஆரம்பித்தது.

அத்தை குனிந்தாள்.

“ஏட்டி, வாழப்போற பிள்ள ஊதப்பிடாது!” என்று அப்பா கத்தினார்.

அத்தை நிமிர்ந்து அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்து, நிதானமாக ஊதினாள். ஒரே ஊது.

கூரை இடிந்து விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. மெழுகுப்புகை மட்டும் வந்தது. அத்தை சூடான கரண்டியால் வளைந்த இதழ்களை நிமிர்த்தி, தாமரையை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே, நூறும் செய்யச் சொல்லி டீச்சர் போன் செய்தார்.

அப்பா நெடுநேரம் ஈசிச்சேரிலேயே கிடந்தார். பிறகு, “வெள்ளிக்கிழமை அவங்க வாராங்களே” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“வர வேண்டாம்னு சொல்லிருங்கண்ணே. நூறு தாமரை செய்யணும். எனக்கு நேரமில்ல.”

அதை நான் அப்படியே நம்பினேன். நேரம்தானே பிரச்சினை? மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து திரி நறுக்கினேன், இதழ் கழற்றினேன், இரண்டு விரலைச் சுட்டுக்கொள்ளவும் செய்தேன். என் வேகத்தைப் பார்த்து அத்தைக்கே ஆச்சரியம். “நீ மட்டும் இல்லன்னா நான் என்னட்டி செய்வேன்” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நூறாவது தாமரை பெட்டிக்குள் போனதும் நேரே அப்பாவிடம் போய் நின்றேன்.

“வேலை முடிஞ்சிட்டுப்பா. இனி மாமாவ வரச் சொல்லுங்க.”

உள்ளேயிருந்து அத்தைதான் சொன்னாள்: “இன்னொரு கல்யாணத்துக்குக் கேட்டிருக்காங்கட்டி. திரிய எடுத்துட்டு வா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரில் எல்லோரும் ஏன் இப்படிக் கல்யாணம் கல்யாணம் என்று அலைகிறார்கள் என்று அழுதுகொண்டே, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.