முறை சொல்லாமல் விற்ற பணியாரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பன்னிரண்டு காம்பரா, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். பன்னிரண்டிலும் எனக்கு மாமா, சித்தப்பா, பெரியம்மா, அத்தாச்சி என்று முறைக்காரர்களே தவிர, வெறும் மனிதர் என்று ஒருவர்கூடக் கிடையாது. திருச்சிப் பக்கத்து ஒரே ஊரிலிருந்து ஒரே கங்காணி இலங்கை மடுல்சீமைக்குக் கூட்டிவந்த ஆட்கள். சொந்தமில்லாதவர்களும் கப்பலேறி இறங்குவதற்குள் சொந்தமாகியிருந்தார்கள். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வாயிலேயே போடுவாள். அதனால் ஒரு முகத்தைப் பார்த்ததும் ஏதாவது முறை வைத்துக் கூப்பிடுவது எனக்குத் தும்மல் போலத் தானாக வந்துவிடும். அந்தப் பழக்கம் என் அத்தையின் வியாபாரத்தைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது மலையில் உருண்டுவந்த கல்லொன்று அவளுடைய வலக்கையை நசுக்கிவிட்டது. காயம் ஆறிய பிறகும் மூன்று விரல்கள் மடங்கவில்லை. மடங்காத விரலால் கொழுந்து கிள்ள முடியாது. வேலைக்கு இறங்காதவளுக்கு அரிசியும் இல்லை, காம்பராவும் இல்லை. எங்கள் காம்பராவின் மூலையில் வந்து படுத்துக்கொண்டாள். ஒருநாள் கங்காணி வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்.

"வேலை செய்யாத ஆள லயத்துல வச்சிருக்கக் கூடாதுன்னு தொரை சத்தம் போடுறாரு. தைப்பூசம் வரைக்கும் பாக்குறேன். அப்பறம் தங்கச்சிய ஊருக்கு அனுப்பிச்சிரு."

ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. அது கங்காணிக்கும் தெரியும். அத்தை அழவில்லை. "இங்கயும் தண்டச்சோறு, அங்க போயும் தண்டச்சோறா?" என்று மட்டும் கேட்டாள். கையில் நாலு காசு புரண்டால், மாதாமாதம் கங்காணிக்கு வாய்க்கரிசி போடலாம். தொரையின் சட்டம் அவருக்கு மறந்துபோகும் என்று அவள் நினைத்தாள். அப்படி அவர் மறந்துபோனது லயத்தில் பலர் விஷயத்திலும் நடந்ததுதான்.

மறுநாள் தன் கம்பளியை விற்றாள். மழையில் மலைக்குப் போகிறவர்கள் தலையோடு போர்த்திக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. விற்கிற மாதிரி அவளிடம் இருந்த ஒரே பொருள் அதுதான். புதிதாக வந்த ஒருத்தி வாங்கிக்கொண்டாள். அந்தக் காசில் கடைவீதி முஸ்லிம் கடைக்கார நானாவிடமிருந்து உளுந்தும் தேங்காயெண்ணெயும் கித்துள் மரத்துக் கருப்பட்டியும் வந்தன. அரிசி அப்பாவின் பங்கிலிருந்து, அம்மாவின் முணுமுணுப்போடு வந்தது. ஊரிலிருந்து சுமந்துவந்த குழிப்பணியாரச் சட்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரு சதக் காசுக்கு இரண்டு பணியாரம் என்று விலை வைத்தாள்.

முதல் நாள் விடியற்காலையில், ஆளெண்ணிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் போகும் பாதையில் கூடையோடு உட்கார்ந்தோம். அத்தைக்கு ஒரு கைதான் உதவும் என்பதால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "வாங்க சித்தப்பா, வாங்க பெரியம்மா" என்று நான் வாய் நிறையக் கூப்பிட்டேன். சித்தப்பா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "தங்கச்சி கைப்பக்குவமே தனி" என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனார். பெரியம்மா நல்லவள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தையின் நாக்கு சும்மா இருக்குமா?

"நல்லாருக்கே! ஒங்ககிட்டயா காசு வாங்குவேன்? எடுத்துக்கங்க மதினி."

சற்று நேரத்தில் கூடை காலி. ஒரு சதம்கூட விழவில்லை. அம்மா கூடையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

"தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற. அது ஒங்க வம்சத்துக்குத் தெரியாதா?"

மறுநாள் அத்தை என்னை மலைக்கு அந்தப் பக்கம், அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கே வேறு கங்காணி, சேலத்துப் பக்கத்து ஆட்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் எந்த உறவும் கிடையாது. வழியில் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"அங்க ஒருத்தரையும் மொறை வச்சுக் கூப்பிடாத. வாயத் தொறந்தா பணியாரம்னு மட்டுந்தான் வரணும்."

"வயசானவங்க வந்தா?"

"அவங்களுக்கும் பணியாரந்தான்."

வாயைப் பூட்டிக்கொண்டு விற்றேன். நன்றாகவே விற்றது. "இந்தப் புள்ளைக்குப் பேச்சு வராதா?" என்று ஒருத்தி அத்தையிடம் பரிதாபமாக விசாரித்தாள். தினமும் ஆட்கள் தேடி வந்தார்கள். திரும்பும்போது அத்தை ஏதோ பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினாள். புருஷன் போனபின் அவள் பாடி நான் கேட்டது அப்போதுதான்.

தினமும் வருகிறவர்களில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நெட்டையான மனிதர், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இரண்டு பணியாரத்தை நின்றபடியே தின்றுவிட்டு, காசை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவார். மார்கழியில் ஒருநாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எங்களிடம் கிழிந்த சாக்கு ஒன்றுதான். அவர் தன் கம்பளியைக் கழற்றிக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"நனையாதீங்க மாமா! அத்த, மாமா நனையிறாங்க பாரு!"

அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தைக்குப் புருஷன்தானே மாமா! "என்னப்பா, எங்களுக்குச் சொல்லாமயே தாலி கட்டிட்டியா?" என்று ஒருவர் கத்தினார். கவ்வாத்துக்காரர் தரையைப் பார்த்தார். அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மலையேறும்போது இடக்கையால் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"யாவாரத்தக் கெடுத்திட்டியேடி, பாவி!"

அவளும் அழுதாள், நானும் அழுதேன். மூன்று நாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அரைத்த மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. தைப்பூசமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் வெற்றிலை பாக்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"புள்ள வாயில வந்திருச்சுங்க. எனக்கும் ஆருமில்ல" என்றார் அப்பாவிடம்.

எங்கள் ஆட்களில் அறுத்துக்கட்டுவது, அதாவது புருஷனை இழந்தவள் மறுதாலி கட்டிக்கொள்வது, வழக்கம்தான். சாதி விசாரித்தார்கள், ஒத்துப்போயிற்று. உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

"என் யாவாரத்த நிறுத்தச் சொல்லக் கூடாது. ஒருத்தர ஒட்டிக்கிட்டுத் திங்கிறதுக்கு எனக்கு அண்ணன் வீடே போதும்."

"நிறுத்தச் சொல்ல மாட்டேங்க" என்றார் அவர்.

தை பிறந்ததும் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். கங்காணி இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வேறு பிரிவில் புருஷன் காம்பராவுக்குப் போகிறவளை அவர் இனி எங்கே அனுப்புவது? நான் ஒரு வாரம் அத்தையோடு கீழ்ப்பிரிவில் தங்கினேன். அங்கே முதல் நாள் காலையிலேயே புதுச் சனியன் வந்து சேர்ந்தது. நேற்றுவரை யாரோவாக இருந்தவர்கள் எல்லாரும் இன்று அத்தைக்குக் கொழுந்தனும் நாத்தனாருமாக வந்து நின்றார்கள். ஒரு வாலிபன் கையை நீட்டினான்.

"ஒண்ணு குடுங்க அண்ணி. நமக்குள்ள என்ன காசு?"

அத்தையின் முகம் வாடிப்போனது. "எடுத்துக்கங்க" என்ற சொல் அவள் உதட்டுக்கே வந்துவிட்டது. அப்போது மாமா காம்பராவிலிருந்து வெளியே வந்து, கூட்டத்தில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்றார். தன் வரிசை வந்ததும் ஒரு சதத்தைக் கூடை மூடியில் வைத்தார்.

"ரெண்டு குடு."

அத்தை காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பணியாரம் கொடுத்தாள். நீட்டிய கையை வாலிபன் மடக்கிக்கொண்டு மடியைத் தடவத் தொடங்கினான். அதன்பின் யாரும் சும்மா கேட்கவில்லை. கட்டின புருஷனிடமே காசு வாங்குகிறாள் என்று கீழ்ப்பிரிவு முழுக்கச் சிரிப்பு. எங்கள் லயத்துக்கும் செய்தி போய், அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம்.

யாருக்கும் தெரியாத ஒன்றை நான் பார்த்தேன். மறுநாளிலிருந்து தினமும் கதவைத் திறக்கும் முன், அடுப்படியில் அத்தை முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சதத்தை எடுத்து மாமாவின் கையில் வைப்பாள். அவர் மடியில் முடிந்துகொள்வார். வெளியே போய் வரிசையில் நின்று அதே சதத்தை அவளிடமே கொடுப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்த, ஒன் காசத்தான மாமா ஒனக்கே குடுக்கிறாங்க?"

மாவு ஒட்டிய கையால் அத்தை என் வாயைப் பொத்தினாள். மாமா தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? இரண்டு பணியாரம் வாங்கித் தின்ன ஒரு சதம்கூட இல்லாத மனிதரையா அத்தை கட்டிக்கொண்டாள் என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தைப்பூசச் செலவுக்கு அப்பா கொடுத்திருந்த சதத்தை எடுத்து, அத்தை பார்க்காத நேரத்தில் மாமாவிடம் நீட்டினேன்.

"நாளைக்கு இத வச்சு வாங்கிக்கங்க மாமா."

மாமா சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் வரிசையில் நின்று, அந்தச் சதத்துக்கு வாங்கிய இரண்டு பணியாரத்தையும் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். பாவம், மாமாவுக்கு இன்றைக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் நானே தின்றேன்.