அடி அண்ணாமலையில், திரைக்குப் பின்னால்

காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, "சத்தம் இல்லாத இடம்" என்றாள் ரேணு. என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறாள். முகம் பார்த்துப் பேசினால் உதட்டசைவிலேயே புரிந்துகொள்வாள். கூட்டமான இடங்களில் கருவி இருந்தும் பெரிய பயனில்லை. அதனால் மியூசியம் பொருத்தமாகப் பட்டது. திருவண்ணாமலையில் சின்னதாக ஒரு நாட்டுப்புறக் கலை மியூசியம் இருக்கிறது, தோல்பாவைகளைக் கையில் எடுத்தே பார்க்கலாம் என்று அலுவலகத் தோழி சொல்லியிருந்தாள். அங்கே புதுப்பிக்கும் வேலை நடப்பது அவளுக்கும் தெரியாது.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறி, பத்தரைக்குத் திருவண்ணாமலையில் இறங்கினோம். பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ரமணாசிரமத்தைத் தாண்டி கிரிவலப் பாதையில், மியூசியம் இருக்கும் அடி அண்ணாமலைக்கு ஏழு கிலோமீட்டர் இருக்கும். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒத்துக்கொண்ட ஓட்டுநர், "அங்க வேலை நடக்குதே மேடம், தொறந்திருக்காங்களோ என்னமோ. நான் கொஞ்ச நேரம் நிக்கறேன், இல்லன்னா திரும்பிடலாம்" என்றார். சொன்னபடியே நின்றார்.

வாசலில் மணல் குவியல், செங்கல். தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் துடைப்பத்தோடு வந்தார். அவர்தான் பச்சையம்மா. மியூசியத்தைப் பார்த்துக்கொள்பவரும் பாவைகளை ஆட்டுபவரும் அவரே.

"உள்ள ஒரே தூசிங்க. பொங்கலுக்குத்தான் தொறக்கறோம்." அதற்குள் ரேணுவின் முகம் வாடியதைக் கவனித்துவிட்டார். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"சென்னைங்க."

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா! வாங்க, வாங்க. செருப்ப மட்டும் கழட்டாதீங்க, ஆணி கெடக்கும்."

ஆட்டோக்காரர் கையசைத்துவிட்டுக் கிளம்பினார்.

கூத்துக் கிரீடங்களைப் பழைய புடவைகளில் சுற்றி வைத்திருந்தார்கள். பாவைகள் நிழலில், கொடியில் துணி போலத் தொங்கின. சிலவற்றில் கரும்புள்ளிகள். அரங்கத்தின் பின்பக்கம் இதுவரை கீற்றுத் தட்டிதான் இருந்திருக்கிறது. "போன மழையில பாதி பொம்மை நனைஞ்சு பூஞ்சை புடிச்சிடுச்சுங்க" என்றார் பச்சையம்மா. இந்த மழைக்குள் அங்கே செங்கல் சுவர் எழுப்ப அவருடைய தம்பி ஏழுமலை வந்திருந்தார். பெங்களூரில் மேஸ்திரி. சுவர் இடுப்பளவு ஏறியிருந்தது.

"பாப்பாவுக்கு ஒரு சின்ன ஆட்டம் காட்டறேன்" என்று, பச்சையம்மா சுவருக்கு மேலே தார்ப்பாய் கட்டி அரங்கத்தை இருட்டாக்கினார். வேலையாட்களும் எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். திரையில் விளக்கு எரிந்தது. எருமையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடும் ஒருவனின் கதை. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ரேணு என்னைப் பார்த்தாள். "எல்லாரும் எதுக்கும்மா சிரிக்கறாங்க?"

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. பார்க்க உதடு இல்லை. நானே சொல்லலாமென்றால் அந்த இருட்டில் என் உதடும் தெரியாது. அவள் தோளை அணைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அவள் என் கையை விலக்கிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

அழப் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். முற்றத்தில் இல்லை. குழாயடியில் இல்லை. சாலை வரை போய்ப் பார்த்துவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி வந்தால், பின்பக்கம் தார்ப்பாயைத் தூக்கிவிட்டு அரைச் சுவரில் முகவாயை ஊன்றி நிற்கிறாள். உள்ளே விளக்கருகே பச்சையம்மா. கிழவிக்கு வாயைக் குவிக்கிறார். எருமைக்காரனுக்குத் தாடையை முன்னால் தள்ளுகிறார். அரங்கத்தில் சிரிப்பொலி எழுந்தது. அதே நொடியில் ரேணுவும் சிரித்தாள்.

பச்சையம்மா திரும்பிப் பார்த்தார். ரேணுவின் காதிலிருந்த கருவியும் கண்ணில் பட்டிருக்கவேண்டும். ஆட்டத்தை நிறுத்தவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கதையைத் தொடர்ந்தார். கைகள் திரையில் பாவைகளை நடத்திக்கொண்டே இருந்தன. நான் ரேணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் ஏழுமலை கலவைச் சட்டியோடு வந்தார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா." முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னது ரேணுவுக்குக் கேட்கவில்லை.

"அதுக்குக் காது கேக்காதுடா" என்றார் பச்சையம்மா உள்ளேயிருந்து. "என் வாயப் பாத்துதான் கதை கேட்டுச்சு. சுவரு அவ்ளோதான், நிறுத்து."

"நிறுத்திட்டு? திரும்பியும் நனையட்டுமா? இதுக்காகத்தானே லீவு போட்டுட்டு வந்தேன்?"

"அது எனக்குத் தெரியாது. எதாவது பண்ணு."

"எங்களுக்காக மாத்தாதீங்க. நாங்க ஒரு நாள் வந்துட்டுப் போறவங்க" என்றேன். ஏழுமலை சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரையே பார்த்தார். பிறகு ரேணுவின் முன்னால் வந்து, அவளுக்கு முகம் தெரியும்படி குந்தி உட்கார்ந்தார்.

"எவ்ளோ உசரம் இருந்தா உனக்கு வசதி?"

அவள் நெஞ்சருகே கையை வைத்துக் காட்டினாள். அவர் உடைந்த செங்கல்லால் அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டார். "ஜன்னல் வெச்சுடறேன்க்கா. மேல சன்ஷேட். ஆட்டம் முடிஞ்சா கதவ சாத்திக்கோ, தண்ணி வராது."

"பெருசா வை. நாலஞ்சு புள்ளைங்க நிக்கற மாதிரி."

திரும்பும் பேருந்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இவளைத் தேடி ஓடியதிலும், பிறகு இவள் முகத்தையே பார்த்து நின்றதிலும் நான் பாதிக் கதையைக் கேட்கவே இல்லை. "எருமை கெடச்சுதாடி?" என்றேன். ரேணு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாயைக் குவித்தும் தாடையைத் தள்ளியும் முழுக்கதையையும் சொன்னாள். எங்கே போனாலும் அவளுக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன். அன்று அவள் எனக்குச் சொன்னாள். செஞ்சி வந்ததே தெரியவில்லை.

பொங்கல் விடுமுறையில் மறுபடி போனோம். தரைக்குச் சிவப்புப் பூச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிரீடங்கள். மழையில் ஒரு பாவைகூட நனையவில்லையாம். பின்பக்கம் அகலமான ஜன்னல், அதன் கீழே பெஞ்சு. ரேணு ஓடிப் போனபோது உள்ளூர்ப் பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். ஆசிரமப் பக்கம் அறை எடுத்திருந்த, தமிழ் தெரியாத ஒரு வெளிநாட்டுப் பெண்மணியும் அவர்களோடு இருந்தார். நெருக்கித் தள்ளித்தான் ரேணுவுக்கு இடம் கிடைத்தது.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியன்று வேண்டாம், கிரிவலப் பாதையில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். ஆட்டம் சனி, ஞாயிறு மாலையில் மட்டும். வெயில் காலமென்றால் தண்ணீர் எடுத்துப் போங்கள். உள்ளே உட்கார நல்ல பாய்கள் இருக்கின்றன. பின்பக்கப் பெஞ்சு வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பச்சையம்மாவிடம் சொல்லுங்கள். எதற்கு என்று அவர் கேட்கமாட்டார்.