வெள்ளிக்கிழமைப் பார்சல்

வாழையிலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றிய ஒரு சோற்றுப் பார்சல். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் கறுவாப்பட்டையும் ஏற்றுமதி செய்யும் கடையொன்றில் அப்போது சரக்கு நிறுப்பது என் வேலை. வெள்ளிக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் கடை வாசலுக்கு வருவார்கள். முதலாளி அவர்களுக்காகப் பார்சல்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். ஆளுக்கொன்றாக நீட்டுவேன்.

அன்று ஆபிரிக்காவிலிருந்து ஒரு கம்பனிக்காரர் வருவதாக முதலாளி சொல்லியிருந்தார். கோட்டுப் போட்ட ஆளையும் ஏசி வேனையும் எதிர்பார்த்து நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறைப்பானேன், வரப்போகிறவர் வெள்ளைக்காரர் என்றே நினைத்திருந்தேன். ஆபிரிக்காவில் வேறு யார் கம்பனி வைத்திருக்க முடியும் என்பது என் அறிவு. வந்தவரோ கறுத்து உயர்ந்த ஒரு பெண். தலையில் முக்காடு, செருப்பெல்லாம் புழுதி, தோளில் துணிப்பை. அவர் வாய் திறப்பதற்குள் பார்சலை நீட்டி, மிளகுச் சாக்கோடு வருகிறவர்கள் உட்காரும் மர வாங்கைக் காட்டினேன். அந்த நிறத்தைக் கண்டதும் எனக்குத் தோன்றியது தொலைக்காட்சியில் பார்த்த பஞ்சம் மட்டும்தான்.

அவர் அங்கேயே பார்சலைப் பிரித்து, பருப்பையும் பலாக்காய்க் கறியையும் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவி வந்து துணிப்பையைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னப் பொதிகளில் கராம்பு. ஒன்றை நகத்தால் அழுத்தி எண்ணெய் கசிவதைக் காட்டினார். தான்சானியாவில் தன் தொழிற்சாலையில் பொதி செய்ததாம். எங்கள் கறுவாவை வாங்க வந்தவர், வழியில் கலேவெலவில் ஒரு தோட்டம் பார்த்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். எல்லாவற்றையும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

முதலாளி வந்ததும் அந்த அம்மா என்னைக் காட்டி, பெயர் கேட்பதற்கு முன்பே சாப்பாடு போட்டவர் என்றார். தன் சரக்கை இவரே பார்த்து அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வாங்கில் கிடந்த இலையைப் பார்த்ததுமே முதலாளிக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மா போன பிறகுதான் பேசினார்.

"தம்பி, அவங்க கடல் தாண்டி யாவாரம் பேச வந்தவங்க. நீங்க இல்லாதவங்கன்னு நெனச்சிட்டீங்க. அத மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, மனசு நோகும்."

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில். ஒருமுறை சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள், கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற என் அம்மாவின் கையில் பிஸ்கட் பக்கெட்டைத் திணித்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். "நான் என்ன கையேந்திக்கிட்டா நின்னேன்?" என்று அம்மா அன்று முழுக்கப் பொருமினாள். அதைக் கேட்டு வளர்ந்த நான்தான் பார்சலை நீட்டினேன்.

அந்த அம்மாவின் சரக்கோடு நானும் உயர்ந்து ஏற்றுமதிப் பொறுப்பாளனானேன். உண்மையைச் சொல்லிவிட இரண்டு தடவை கடிதம் எழுதி, இரண்டையும் கிழித்துப் போட்டேன். முதலாளியின் சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டேன். மனசு நோகும் என்பதைவிட, இந்த நாற்காலி போய்விடும் என்றுதான் பயந்தேன்.

போன மாதம் அவருடைய மகள் எழுதியிருந்தார். அந்த அம்மா காலமாகிவிட்டார். மாத்தளையிலிருந்து திரும்பிய நாள்தொட்டு, வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலைக்கு யார் வந்தாலும் பெயர் கேட்காமல் முதலில் சாப்பாடு கொடுப்பது அம்மாவின் வழக்கமாம். அதை நிறுத்தப் போவதில்லை என்றும், இதெல்லாம் என்னிடம் கற்றது என்று அம்மா சொல்வார் என்றும் மகள் எழுதியிருக்கிறார்.

பதில் இன்னும் எழுதவில்லை. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமைப் பார்சல் இன்றும் உண்டு. ஆள் குறைந்த நாட்களில் நானே வாசலில் நிற்கிறேன். பெயர் என்ன, என்ன அலுவலாக வந்தீர்கள் என்று கேட்காமல் யாருக்கும் ஒரு பார்சலை நீட்ட எனக்குக் கை வருவதில்லை.