மஞ்சள் கோட்டுக்கு வெளியே

அடுப்பு கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து, பள்ளுருத்தி பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ஆள் அமுதவள்ளி. கட்டட வேலைக்கு வந்த அப்பாவோடு தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து, இங்கேயே ஐடிஐ படித்து, மட்டாஞ்சேரியில் படகுக் கைப்பிடிகள் செய்யும் பட்டறையில் குழாய் வளைக்கும் கம்ப்யூட்டர் மிஷினுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அவளுடைய பயத்தைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, மிஷின் பயந்தவள் கையில் இருப்பது நல்லதுதான்.

"வேகத்தைக் கூட்டும்மா, இல்லேன்னா ஆர்டர் கலூர் பட்டறைக்காரன் கைக்குப் போயிரும்" என்று முதலாளி வெங்கடேஸ்வரன் அந்த வாரம் முழுக்க நச்சரித்தார்.

மிஷினின் இரும்புக் கை குழாயை வளைக்கும், திரும்பிப் போகும். அதன் பிறகே குழாய் சுழன்று அடுத்த வளைவுக்குத் தயாராகும். கை திரும்பும்போதே குழாயும் சுழலட்டும் என்று மாற்றினாள் அமுதவள்ளி. சுழலும் வேகத்தையும் ஏற்றினாள். குழாய் நசுங்குமோ, சுருக்கம் விழுமோ என்றுதான் பயந்தாள். நல்ல குழாயை ஒத்திகைக்குத் தொடக்கூடாது என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். வெட்டிப்போட்ட துண்டுகளில்தான் பார்த்தாள், வழவழவென்று வளைந்தன. மறுநாள் காலையில் நீளக் குழாய்கள் ஏறின. அப்போதும் அவள் கண் வளைவை விட்டு அகலவில்லை. ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்பாடா என்று சாயா குடிக்கப் போனாள்.

கடை வாசலில் பெயின்டர் ஒருவன் தோளில் ஏணியோடு நின்றான். யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினான். ஏணியின் வால் வீசி, வாசலில் தொங்கிய பழக்குலையைத் தள்ளியது. கடையே சிரித்தது.

அமுதவள்ளி உதட்டுக்குக் கொண்டுபோன குவளையை இறக்கினாள். துண்டுக் குழாய்க்கு நீளமேது? நீளக் குழாய் வளைந்த முனையோடு இந்த வேகத்தில் சுழன்றால், அலைந்து எதுவரை வீசும்? தரையிலிருக்கும் மஞ்சள் கோடு பழைய, மெதுவான சுழற்சியை அளந்து போட்டது. குழாய் எடுத்துக் கொடுக்கும் கங்கா அந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கிறாள். பாவி, இத்தனைக்கும் பயந்தவளுக்கு அதற்கு மட்டும் பயப்படத் தோன்றவில்லையே!

கங்காவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் எல்லார் போனும் ஆபீஸ் பெட்டிக்குள் கிடக்கும். குவளையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். செருப்பு அறுந்தது, நிற்கவில்லை. யார் மேலோ இடித்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கடவுளே, கங்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

உள்ளே பாய்ந்து சிவப்பு ஸ்விட்சை அறைந்தாள். குழாய் பாதிச் சுற்றில் நின்றது. அதன் முனை கங்காவின் காதுக்கு ஒரு சாண்கூட இல்லை. அவள் கோட்டுக்கு வெளியேதான் நின்றாள்.

"ஏன் சேச்சி நிறுத்திட்டீங்க?" என்றாள் கங்கா, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "இன்னிக்கு மிஷின் நல்லா காத்து தருது கேட்டோ. இந்தச் சூட்டுக்கு சுகமா இருந்துச்சு. அதான் கொஞ்சம் கிட்ட வந்து நின்னேன்."