சிறுத்தைக்கு முதுகைக் காட்டி

பல்லாவரத்தில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்தவன் நான். டிஜிட்டல் கேமரா எங்கள் தெருவுக்கு வந்து சேராத, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். என்னை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போனவர் தோல் வியாபாரி பாய். அவருடைய மூன்று பெண்களின் கல்யாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன்.

டாக்டர்கள் கைவிரித்த பிறகு கடைக்கு வந்தார். "மவுத்தாவறதுக்குள்ள காட்டுல ஒரு சிறுத்தைய பாத்துடணும் தம்பி. நீயும் வா."

"வண்டலூர்லயே இருக்கே பாய்?"

"கூண்டுல கீறதெல்லாம் ஏற்கெனவே பாதி தோலுதான்."

ஆப்பிரிக்கக் காட்டில் யானையும் வரிக்குதிரையும் முதல் நாளே கிடைத்தன. சிறுத்தை கிடைக்கவில்லை. கடைசிக் காலையில்தான் டிரைவர் ஜீப்பை நிறுத்தி, ஒரு மரத்தைக் கைகாட்டினார். அவசர அவசரமாகப் புது ரோல் போட்டேன். பாய் மரத்தைப் பார்க்கத் திரும்பப் போனார். எனக்குக் கல்யாண மண்டபத்துப் புத்தி.

"பாய், என்னைப் பாருங்க. தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

"பின்னால இன்னா பண்ணுது?"

"கிளையில இருக்கு. திரும்பாதீங்க, போட்டோல பாத்துக்கலாம்."

அவர் அப்படியே நின்றார். மாப்பிள்ளை மாதிரி சிரித்தார். நான் படம் படமாகச் சுட்டுத் தள்ளினேன். அவர் திரும்பியபோது கிளை காலியாக இருந்தது.

ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான்; அது தாண்டியும் பிலிமை நகர்த்தும் லீவர் சுற்றிக்கொண்டே இருந்தது. ரோல் போட்டதும் பிலிம் உள்ளே மாட்டியிருக்கிறதா, இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்கு வருகிற கற்றுக்குட்டிகளுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. ஒரு படம்கூட விழவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் படுத்துவிட்டார். போன் வரும்போதெல்லாம், "லேப்ல இருக்கு பாய்" என்று புளுகினேன். எத்தனை நாள் புளுகுவது? கடைசியில் வீட்டுக்குப் போய், கட்டில் பக்கத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர், "சரி, நீ பாத்த இல்ல? சொல்லு. தோலு எப்டி இருந்திச்சி?" என்றார்.

"மஞ்சள் பாய். கறுப்புப் புள்ளி."

"எந்த மஞ்சள்?"

நாற்பது வருடம் தோலைத் தடவித் தடவியே தரம் சொன்ன கை, போர்வைக்கு மேல் எனக்காகக் காத்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. போகஸை அவர் முகத்தில் வைத்திருந்தேன். காலர் மடங்கியிருக்கிறதா, கண்ணைச் சிமிட்டுகிறாரா என்றுதான் பார்த்தேன். பின்னால் கிளையில் இருந்தது வெறும் மங்கல்.

"நீயும் பாக்கலியா தம்பி?"

திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.